பதினோராவது நாற்காலி

திருட்டுக் கொடுத்தவர்களை அண்ணிக்கு வாசலிலேயே அடையாளம் தெரியும். கதவைத் தட்ட மாட்டார்கள். பாதி வாக்கியத்தோடு உள்ளே வருவார்கள். மீதி வாக்கியத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே முடிப்பார்கள். அன்று காலை வந்த டீக்கடைக்காரரோ கதவைத் தட்டினார். செருப்பை வெளியே விட்டார். "வரலாங்களா?" என்று வேறு கேட்டார். இது வேறு மாதிரி கேஸ் என்று அண்ணிக்கு அப்போதே உறைத்தது.

"என்ன காணாமப் போச்சு?"

"எதுவும் காணாமப் போகலைங்க அண்ணி. வந்துக்கிட்டே இருக்கு."

"எது?"

"நாற்காலி."

ஜன்னலோரம் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்த நாத்தனார், கடித்ததைப் பாதியில் விட்டாள்.

அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவர் அண்ணிதான். துப்பறியும் நிலையத்தைத் தொடங்கியது அவர் வீட்டுக்காரர். முதல் கேஸிலேயே ஒரு ஆளைப் பின்தொடர்ந்து போய் வழி தவறி நின்றவரை, அந்த ஆளே கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார். மறுநாளே மனிதர் வேறு வேலை தேடிக்கொண்டார். பலகை எழுதி மாட்டியாயிற்று, வாடகைக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று, வீணாகப் போகக்கூடாதே என்று அண்ணி உட்கார்ந்தார். உதவிக்கு வீட்டுக்காரரின் தங்கை சேர்ந்துகொண்டாள். சம்பளம் என்று வாயைத் திறந்தால் "நாம சொந்தக்காரங்க இல்லையா" என்பார் அண்ணி. வேலை என்று வாயைத் திறந்தால் அதையே நாத்தனார் சொல்வாள். மற்றபடி இருவரும் ஒற்றுமைதான்.

"உட்காருங்க" என்று பழக்கதோஷத்தில் கையைக் காட்டிய அண்ணி, மேஜைக்கு எதிரே வெறும் தரை இருப்பதைப் பார்த்து அசடு வழிந்தார். "மறந்துட்டேன். நாற்காலிக்குக் கால் ஆடுதுன்னு இவ தச்சர்கிட்ட குடுத்திருக்கா. நில்லுங்க."

"பரவாயில்லைங்க. இப்பல்லாம் நாற்காலியைப் பார்த்தாலே எனக்கு ஓடிடலாம் போல இருக்கு."

டீக்கடைக்காரர் கதையை அவிழ்த்தார். போன வாரம் ஒரு நாள், காலைக் கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால் கடைக்குள் ஒரு நாற்காலி கூடுதலாக இருந்தது. யாரோ மறந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தார்.

"மறந்துட்டுப் போறதுக்கு அது என்ன குடையா?" என்றாள் நாத்தனார்.

"அப்படித்தாம்மா என் வீட்டுக்காரியும் கேட்டா. ரெண்டு நாள் கழிச்சு இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. இப்ப நாலு ஆயிடுச்சு."

"சும்மா வந்த நாலு நாற்காலி. எங்க வீட்டுல யாராவது ஒரு கட்டிலைப் போட்டுட்டுப் போனா நாங்க கேஸ் குடுக்கவே மாட்டோம்."

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் அண்ணி. "நாலு நாற்காலி கூட இருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

டீக்கடைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் லைசென்சு டீக்கடை லைசென்சு. பத்து பேர் உட்காரலாம். பத்து ஸ்டூல் வெச்சிருக்கேன். பதினொண்ணு ஆச்சுன்னா அது டீக்கடை இல்லையாம், உணவகமாம். உணவகம்னா வரி வேற. அது போகட்டும். உணவகம்னா ரெண்டாவது கழிப்பறை கட்டணும். என் கடை அகலம் உங்களுக்குத் தெரியும். ஒருத்தர் இருமினா எதிர்ச் சுவத்துல படும். ரெண்டாவது கழிப்பறை கட்ட இருக்கிற ஒரே இடம் அடுப்பு இருக்கிற இடம்."

"அப்ப டீ எங்க போடுவீங்க?"

"அதான் கேக்கறேன். ரெண்டு கழிப்பறை இருக்கும், டீ இருக்காது. நாளைக்குக் காலையில ஆய்வு. புது ஆபீசர். காலையில டீ குடிச்சாதான் அவருக்குக் கை ஓடுமாம், அதனால தெருவுல முதல் கடையே என்னுதாம். நேத்து சாயங்காலம் அவரோட பியூன் வந்து சொல்லிட்டுப் போனான்."

"அந்த நாலையும் தூக்கி வெளிய போடுங்களேன்."

"வெளிய போட்டா தெருவை ஆக்கிரமிச்சேன்னு அபராதம். பின்கட்டுல வெச்சா அது குடோனாம், குடோனுக்குத் தனி லைசென்சு. விக்கலாம்னா பழைய சாமான் வியாபாரம், அதுக்கும் ஒண்ணு. மாடியில வீடு இருக்கு, ஆனா அதுவும் இதே கதவு எண்."

"உடைச்சு அடுப்புல வெச்சா?" என்றாள் நாத்தனார்.

"விறகு அடுப்புக்குப் புகை அனுமதி வாங்கணும்மா."

சிரிக்கலாமா கூடாதா என்று அண்ணிக்குத் தெரியவில்லை. மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. கடை போனால் அவரும் அவர் மனைவியும் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். அதற்கும் ஆக்கிரமிப்பு என்று அபராதம் போடுவார்கள். அண்ணி கைப்பையை எடுத்தார்.

"யார் மேல சந்தேகம்?"

"எதிர்க்கடை ஜூஸ்காரன் மேலதாங்க. நான் மூடினா அவனுக்குத்தானே லாபம்."

---

டீக்கடையில் அடுப்புக்கு முன்னால் டீக்கடைக்காரரின் மனைவி நின்றிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் டீயைக் கலந்து நீட்டினார்.

நான்கு நாற்காலிகளும் சுவரோரம் வரிசையாக நின்றன. கைப்பிடி வைத்த மர நாற்காலி ஒன்று. வளைந்த முதுகுள்ள இரும்பு நாற்காலி ஒன்று. முதுகே இல்லாத குட்டை முக்காலி ஒன்று. கடைசியாக, புதிதாக நீலப் பெயிண்ட் அடித்த மெத்தை நாற்காலி ஒன்று. நாத்தனார் போன வேகத்தில் நீல நாற்காலிக்கு முன்னால் நின்று, முந்தானையை விரித்துக் காற்று வாங்க ஆரம்பித்தாள்.

"இதை யாரும் ராத்திரி வந்து வைக்கலை" என்றார் அண்ணி. "காலையில கூட்டத்தோட கூட்டமாத் தூக்கிட்டு வந்து, அதுலேயே உட்கார்ந்து டீ குடிச்சுட்டு, வெறுங்கையோட போயிருக்காங்க. அண்ணன் பார்வை கல்லாவுல. அக்கா பார்வை பால்ல. யாரு கவனிக்கிறது?"

"அப்ப ஜூஸ்காரன்?"

அண்ணி குனிந்து நான்கு நாற்காலியின் காலடியையும் பார்த்தார். "ஜூஸ்கடை நாற்காலின்னா இந்நேரம் எறும்பு குடும்பத்தோட குடியேறியிருக்கும். ஒரு எறும்பு கூட இல்ல. அவன் இல்ல."

டீக்கடைக்காரரின் முகம் வாடியது. எதிரி நல்லவன் என்று தெரிவது எவருக்கும் கஷ்டமான விஷயம்தான்.

அண்ணி மர நாற்காலியின் கைப்பிடிகளை விரலால் தடவினார். இரண்டு கைப்பிடியின் நுனியிலும் சின்னச் சின்னப் பிறை வடிவில் நகத்தடங்கள்.

"இதுல உட்கார்ந்தவங்க எல்லாரும் ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சிருக்காங்க."

"கோவமா?" என்றாள் நாத்தனார்.

"கோவப்படறவன் மேஜையைத் தட்டுவான். எழுந்து ஓடிடலாமா வேண்டாமான்னு யோசிக்கிறவன்தான் நாற்காலியைப் பிடிப்பான்."

"பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளையா?"

"பல் டாக்டர்கிட்ட வந்த ஆளு. வா, போகலாம்."

நாத்தனார் நீல நாற்காலியை விட்டு வர ஏனோ தயங்கினாள். அண்ணி காதைத் திருகும் பாவனையில் கையைத் தூக்கிய பிறகுதான் நகர்ந்தாள்.

---

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஐந்து நாற்காலிகளிலும் ஆள் இருந்தது. ஆறாவதாக ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நாத்தனார் நாற்காலி என்று சொன்னதுமே அவர் முகம் மாறியது.

"பல்லைப் பத்திப் பேசறதுன்னா நீங்க வாயைத் திறங்க. நாற்காலியைப் பத்திப் பேசறதுன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"நீங்க திறக்க வேண்டாம் டாக்டர். சுவர் பேசுது" என்றார் அண்ணி.

டாக்டர் சுவரைப் பார்த்தார். வெள்ளைச் சுண்ணாம்பில், நாற்காலி வரிசைக்கு மேலே, காத்திருந்தவர்களின் தலை பட்டுப் பட்டு எண்ணெய்க் கறைகள் வட்டமாகப் படிந்திருந்தன.

"கறை ஆறு. நாற்காலி அஞ்சு. ஆறாவது ஆள் தலையை மட்டும் அனுப்பி வெச்சாரா?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார். மென்று விழுங்கினார். பிறகு இருவரையும் மருந்து அலமாரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஆறு பேர் உட்கார்ந்தா இது பல் கிளினிக் இல்லையாம் அண்ணி. ஆஸ்பத்திரியாம். ஆஸ்பத்திரின்னா ஆம்புலன்ஸ் நிறுத்த இடம் காட்டணும். என்கிட்ட இருக்கிறது ஒரு சைக்கிள். அதையே மாடிப்படிக்குக் கீழ மடக்கி மடக்கி வெச்சிருக்கேன்."

"அதுக்காக டீக்கடையில கொண்டு போய் வெப்பீங்களா?"

"அங்க எவ்வளவோ ஸ்டூல் கிடக்கு, பத்தோட பதினொண்ணு, யாருக்குத் தெரியப்போவுதுன்னு நெனச்சேன். ஆய்வு எப்பவும் தெருமுனையிலேருந்துதானே ஆரம்பிக்கும்? டீக்கடை கடைசி. ஆபீசர் என் கிளினிக்கை எண்ணிட்டு இறங்கினதும் ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடலாம்னு இருந்தேன். டீக்கடைக்கெல்லாம் நாற்காலிக் கணக்கு இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? என் கணக்கைத் திட்டவே எனக்கு நேரம் போதலை."

"நாலும் நீங்க வெச்சதா?"

"ஐயையோ, ஒண்ணுதான். நான் போனப்பவே சலூன்காரர் ஒரு இரும்பு நாற்காலியில உட்கார்ந்து டீ குடிச்சுட்டு இருந்தார். போகும்போது நாற்காலியைத் திரும்பிப் பார்த்துட்டே போனார். ஏதோ சோகம்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. சலூன்காரரிடம் "நாற்காலி" என்ற சொல்லை முடிப்பதற்குள்ளேயே அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். மூன்று நாற்காலி இருந்தால் சலூன் இல்லை, அழகு நிலையம். அழகு நிலையம் என்றால் இரண்டு வாசல் வேண்டும். அவர் கடைக்கு இருப்பதே முக்கால் வாசல். முக்காலியின் அடியில் குண்டூசி குத்தி வைத்திருந்ததைப் பார்த்ததுமே தையல்கார அக்காவின் வேலை அது என்று அண்ணிக்குப் புரிந்துவிட்டது. மூன்று பேர் உட்கார்ந்து தைக்க இடம் இருந்தால் அது தையல்கடை இல்லை, தொழிற்சாலை.

"தொழிற்சாலைன்னா காலையிலயும் சாயங்காலமும் சங்கு ஊதணுமாம்" என்றார் தையல்கார அக்கா. "இருக்கிறது நான் ஒருத்தி. எனக்கு நானே சங்கு ஊதிக்கணுமா?"

அவரும் பத்தோடு பதினொன்று என்றுதான் நினைத்தாராம். சலூன்காரரும் அதையேதான் சொன்னார். ஆளாளுக்குத் தன் நாற்காலி ஒன்றுதான் பதினொன்றாவது என்று நம்பியிருந்தார்கள். தெரு முழுக்க இதே தலைவலி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. விதி தன்னை மட்டும்தான் தேடிப் பிடித்துக் குத்துகிறது என்று ஒவ்வொருவருக்கும் அவ்வளவு உறுதி.

---

சாயங்காலம் மூவரையும் டீக்கடைக்கு வரவழைத்தார் அண்ணி. சுவரோரம் அவரவர் நாற்காலி அருகே அவரவர் தலைகுனிந்து நின்றார்கள். நீல நாற்காலி மட்டும் கேட்பாரில்லாமல் நின்றது.

"மூணு தெரிஞ்சுடுச்சே அண்ணி. நாலாவதை விட்டுடுங்க. பாவம், யாரோ ஏழை" என்றாள் நாத்தனார்.

"வாங்கின கேஸை முக்காலோட விடறதா? தள்ளு."

அண்ணி மண்டியிட்டு நீல நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் கண்ணில் பழைய மினுமினுப்பு வந்துவிட்டது. இந்த மினுமினுப்பு வந்தால் நாத்தனார் வழக்கமாகக் குதிப்பாள். இன்று தூணுக்குப் பின்னால் போனாள்.

"மெத்தையில முன்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. பின்பக்கம் புதுசு. இதுல உட்கார்ந்த ஒருத்தர் கூட நிம்மதியாச் சாய்ஞ்சு உட்காரலை. நுனியில உட்கார்ந்து முன்னால குனிஞ்சே பேசியிருக்காங்க. ரகசியம் சொல்ற நாற்காலி இது."

"ஓகோ" என்றார் சலூன்காரர்.

"மெத்தை இடுக்குல பாருங்க, கசங்கின கைக்குட்டை. அழுதிருக்காங்க. உட்கார்ந்தவங்க அழுதிருக்காங்க, அழவிட்டவங்க ஒரு டம்ளர் தண்ணி குடுத்ததா அடையாளம் இல்ல. இரக்கமே இல்லாத இடம்."

நாத்தனார் இருமினாள்.

"மெத்தை கிழிஞ்ச இடத்தைப் பாவாடைத் துணியால ஒட்டுப் போட்டிருக்காங்க. சரியான கஞ்சப் பயல் கடை. வர்றவங்களை இப்படி நடத்தறவன் தொழில்ல உருப்படவே மாட்டான். இவன் யாருன்னா..." என்று எழுந்த அண்ணி, ஒட்டுப் போட்ட துணியை மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்தார். பச்சையில் மஞ்சள் புள்ளி. அந்தப் பாவாடையை அவர் எங்கோ பார்த்திருந்தார். பார்த்ததென்ன, கட்டியிருந்தார்.

அண்ணி மெல்லத் தூண் பக்கம் திரும்பினார்.

"நாற்காலி தச்சர்கிட்ட இருக்குன்னு சொன்னே."

"தச்சர் வர்ற வழியில ஒரு டீ குடிச்சுட்டு..." என்று ஆரம்பித்த நாத்தனார், அது எடுபடாது என்று தெரிந்து கையைப் பிசைந்தாள். "வர்றவங்களுக்கு நாற்காலி போட்டுப் பேசினா அது துப்பறியும் நிலையம் இல்லையாம் அண்ணி, ஆலோசனை நிறுவனமாம். ஆலோசகர் படிச்ச சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டணுமாம். உங்ககிட்ட இருக்கிறது ஓட்டப்பந்தயத்துல மூணாவதா வந்த சான்றிதழ் மட்டும்தானே. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு நானே பெயிண்ட் அடிச்சு..."

வருஷக்கணக்காக மேஜைக்கு இந்தப் பக்கமிருந்தே பார்த்த நாற்காலி. அந்தப் பக்கம் போய் அதை ஒருநாளும் பார்க்காத துப்பறிவாளர் எல்லார் முன்னிலையிலும் காது வரை சிவந்தார். தையல்கார அக்கா நாசூக்காகத் தெருவை வேடிக்கை பார்த்தார்.

"சரி, ஆளுக்கு ஒண்ணா எடுத்துட்டுக் கிளம்புங்க" என்றார் டீக்கடைக்காரர், தெம்பு வந்தவராக.

ஒருவரும் அசையவில்லை.

"எடுத்துட்டுப் போனா நாளைக்கு நான் ஆஸ்பத்திரி" என்றார் டாக்டர். "கடைசிக் கடைதானே உங்களுது. அதுக்குள்ள வந்து எடுத்துக்கறோமே."

"கடைசி இல்லைங்க. நாளைக்கு இங்கேருந்துதான் ஆரம்பம்."

மூவருக்கும் முழி பிதுங்கியது. அப்போதுதான் டீக்கடைக்காரரின் மனைவி முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து இந்த அடுப்பு முன்னாடிதான் நிக்கறேன். உங்க எல்லாருக்கும் சர்க்கரை எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். இதை இடிச்சுட்டு இங்க கழிப்பறை கட்டச் சொன்னா நான் எங்க போறது? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

டாக்டர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தார். இந்தக் கூத்தில் நாலில் ஒரு பங்கு தன்னுடையது என்பதை நினைத்தால் அண்ணிக்கு வெட்கமாக இருந்தது.

"நாளைக்குக் காலையில நாம நாலு பேரும் இங்க டீ குடிக்க வரணும்" என்றார். "அவங்கவங்க நாற்காலியில உட்காருங்க. ஆபீசர் யாருதுன்னு கேட்டா என்னோடதுன்னு சொல்லுங்க. அது போதும்."

"அப்புறம் எங்க கடைக்கு வந்து எங்களைப் பிடிச்சா?"

"அதுக்கு ஒரு வழி இருக்கு. ஆனா அது பாதிதான் என் கையில. மீதி அவர் வாயிலேருந்து வரணும்."

---

காலையில் உரிம அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். வந்ததும் நின்றபடியே ஒரு டீ குடித்தார். பிறகு பேனாவை எடுத்து ஸ்டூல்களை நோக்கி நீட்டி நீட்டி எண்ணினார். பத்து ஸ்டூலிலும் வாடிக்கையாளர்கள். சுவரோரம் நான்கு நாற்காலியில் டாக்டர், சலூன்காரர், தையல்கார அக்கா, அண்ணி.

"பதினாலு" என்றார் அதிகாரி வருத்தத்தோடு. "இது டீக்கடை இல்லைங்க. உணவகம்."

"இந்த நாலும் கடையோடது இல்ல சார்" என்றார் டீக்கடைக்காரர்.

"பின்ன யாரோடது?"

இந்த இடத்தில் நான்கு பேரும் வாயைத் திறக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. டாக்டர் டீயைப் பார்த்தார். சலூன்காரர் செருப்பைப் பார்த்தார். தையல்கார அக்கா, இல்லாத நூலைப் பல்லில் கடித்தார். அதிகாரியின் பேனா காகிதத்தை நோக்கி இறங்கியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. டீக்கடைக்காரரின் மனைவி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணிக்கும் பயமாகத்தான் இருந்தது. வழி என்று நேற்று வீராப்பாகச் சொல்லியாயிற்று, அது பலிக்காவிட்டால் பலகையைக் கழற்ற வேண்டியதுதான். ஆனால் அந்தப் பால் வழிவதை அவரால் பார்க்க முடியவில்லை.

"இது என்னோடது" என்றார். "இதே தெருவுல துப்பறியும் நிலையம் வெச்சிருக்கேன். டீ குடிக்க வரும்போது என் நாற்காலியோடதான் வருவேன்."

"நாற்காலியோடவா? ஏன்?"

"இடுப்பு வலி சார்" என்று குறுக்கே பாய்ந்தாள் நாத்தனார். "கண்ட இடத்துல உட்கார்ந்தா எங்க அண்ணிக்கு மூளை வேலை செய்யாது. இதுல உட்கார்ந்தா மட்டும் செய்யுதான்னு கேக்காதீங்க."

"இது என்னோடது" என்றார் டாக்டர், கண்ணை மூடிக்கொண்டு. "என்னுது" என்றார் சலூன்காரர். "இந்த முக்காலி என்னுது, கீழ குண்டூசி இருக்கு, பார்த்து" என்றார் தையல்கார அக்கா.

அதிகாரி பேனாவால் தலையைச் சொறிந்தார். "கடைக்காரர் போட்ட இருக்கைதான் கணக்கு. வாடிக்கையாளர் தூக்கிட்டு வந்ததுக்கு... கணக்கே கிடையாதே." பிறகு பத்து என்று எழுதி, டீக்கடை என்று எழுதி, கையெழுத்தும் போட்டார்.

டீக்கடைக்காரரின் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். டீக்கடைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் துடைத்த டம்ளரையே மறுபடி மறுபடி துடைத்தார்.

அதிகாரியோ இன்னும் முடிக்கவில்லை. நால்வரையும் பார்த்து லேசாகச் சிரித்தார். "ஆனா நாற்காலி உங்களுதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அடுத்து உங்க கடைக்குத்தான் வர்றேன்."

டாக்டரின் கைகள் மறுபடி கைப்பிடியைத் தேடின. அண்ணி டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"ஒரு சந்தேகம் சார். எங்க கடையில எந்த நாற்காலியை எண்ணுவீங்க?"

"ஆய்வு நேரத்துல கடைக்குள்ள இருக்கிறதை."

"வெளிய இருக்கிறதை?"

"வெளிய இருக்கிறதை நான் எப்படிம்மா எண்ண முடியும்? கடைக்குள்ள..." என்றவர் வாயை மூட மறந்து நின்றுவிட்டார்.

"அப்ப போய் எண்ணிட்டு வாங்க. எல்லாக் கடையும் திறந்துதான் இருக்கு. நாங்க டீ குடிச்சுட்டு இருக்கோம்."

---

அவர் போய் எண்ணினார். ஆனால் அவர் தெருவை முடிக்கும் வரை இவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாதே. டீ குடித்தார்கள். பிறகு டீ குடித்தார்கள். சலூனில் பாதி முகம் சவரம் செய்யப்பட்ட ஒருவர் சோப்பு நுரையோடு தேடிக்கொண்டு வந்து, அவரும் ஒரு டீ குடித்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த நோயாளியைப் பார்த்து டாக்டர் பழக்கத்தில் "ஆ காட்டுங்க" என்றார்.

"டாக்டர், இங்க யாரையும் வாயைத் திறக்கச் சொல்லாதீங்க" என்று நாத்தனார் பதறினாள். "இது ஆஸ்பத்திரி ஆயிடும்."

வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு அதிகாரி திரும்பி வந்தார். எல்லா மாடிப்படியும் ஏறி இறங்கி, ஒரு கடையிலும் ஒரு குற்றமும் கிடைக்காமல், கால் பின்னப் பின்ன வந்து வாசற்காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு டீ குடுங்க. உட்கார ஏதாவது போடுங்க."

"பத்து ஸ்டூல்லயும் ஆள் இருக்குங்களே" என்றார் டீக்கடைக்காரரின் மனைவி. குத்திக் காட்டவில்லை, உண்மையிலேயே சங்கடப்பட்டார். "பதினொண்ணாவது போட எங்களுக்கு அனுமதி இல்லைங்க."

அண்ணிக்குப் பாவமாகப் போயிற்று. எழுந்து நீல நாற்காலியை முன்னால் தள்ளினார். "இதுல உட்காருங்க சார்."

அதிகாரி நன்றியோடு முட்டியை மடக்கினார். பாதி உட்கார்ந்த நிலையில் நாத்தனாரின் குரல் கேட்டது.

"தாராளமா உட்காருங்க சார். ஆனா ஒண்ணு, உட்கார்ந்தவங்க கொண்டுவந்ததுன்னுதானே நீங்க இன்னிக்கு எழுதியிருக்கீங்க? நீங்க உட்கார்ந்தா இது உங்களுது. போகும்போது ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போகணும்."

மடங்கிய முட்டி அப்படியே நிமிர்ந்தது.

"வேண்டாம்மா" என்றார் அவசரமாக. "எங்க ஆபீசுலயே ஒண்ணு கூட இருக்கு. நாளன்னிக்கு மேலிடத்துலேருந்து எண்ண வர்றாங்க."

நின்றுகொண்டே டீயை வாங்கிக் குடித்தார். குடித்து முடித்த பிறகும் கிளம்பவில்லை. கடையைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டார். பிறகு டீக்கடைக்காரரின் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காது என்ற நம்பிக்கையில், மெதுவாகக் கேட்டார்:

"ஏங்க, காலையில உங்க கடையில எப்ப கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்?"